எதிராளி வேண்டி ஒரு விரதம்

எங்கள் தெரு டீக்கடையில் ஹெவிவெயிட் குத்துச்சண்டையைப் பற்றிப் பேச்செடுத்தால் கடைசி வார்த்தை என் அண்ணனுடையதாகத்தான் இருக்கும். அண்ணனுக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர் வேலை. வயது நாற்பத்தாறு. காலை ஷிப்ட் முடிந்து வந்ததும் கைகூடக் கழுவாமல் பெஞ்சில் உட்கார்ந்து, செல்போனில் அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைச் சண்டை ஒன்றைப் போட்டு நாலு பேருக்குக் காட்டுவார். கடை எங்கள் வீட்டு வாசலுக்கு நேரெதிரே இருப்பதால் அவர் பேசுவது அடுப்படிவரை கேட்கும்.

"அவிய ஆம்பளைக. பதினஞ்சு ரவுண்டு நின்னு அடிச்சாக. ஒரு சண்டை முடிஞ்சு வீக்கம் வத்துறதுக்குள்ள அடுத்த சண்டை. இப்ப உள்ளவன் வருசத்துக்கு ஒண்ணு அடிக்கான், அதுக்கும் ஆறு மாசம் பேட்டி குடுக்கான். ஒத்த பெல்ட்டு இருந்த எடத்துல நாலு பெல்ட்டு. யாரு சாம்பியன்னு அவனுக்கே தெரியாது."

எனக்கு வாய் சும்மா இருக்காது. வாசலில் நின்றபடியே கேட்பேன். "பதினஞ்சு ரவுண்டை எதுக்குக் கொறச்சாக? வளையத்துல அடிவாங்கி ஒருத்தர் செத்துப்போனாரு, அதுக்குப் பொறவுதான கொறச்சாக. ஆளு சாகுறதுதான் வீரமா அண்ணே?"

பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நான் விடமாட்டேன். அண்ணன் பார்க்கிற பழைய சண்டைகளையும் பார்த்திருக்கிறேன், இன்றைய சண்டைகளையும் பார்க்கிறேன். இன்றைக்கு மேலே இருப்பவர்கள் ஆறரை அடி உயரம், நூற்றுப் பதினைந்து கிலோ. அந்த உடம்பை வைத்துக்கொண்டு சின்ன எடைக்காரன்போல் காலை மாற்றுகிறார்கள், இடது கையால் மட்டும் ஒரு ரவுண்டு முழுக்க எதிராளியை எட்ட நிறுத்துகிறார்கள். பழைய மன்னர்களில் பலர் தொண்ணூறு கிலோவைத் தொடாதவர்கள். இன்றைய தராசில் ஏற்றினால் அவர்களுக்கு ஹெவிவெயிட்டில் இடமே கிடையாது, ஒரு படி கீழே உள்ள பிரிவுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். "தராசு பொய் சொல்லாது அண்ணே" என்பேன். இதைச் சொன்னால் மட்டும் பெஞ்சே என்மேல் பாயும்.

ஆனால் அண்ணன் ஒன்று சொல்வார். "அதெல்லாம் விடுட்டி. அவிய நேருக்கு நேர் நின்னாக. பெரியவன் இன்னொரு பெரியவனத் தேடிப் போயி அடிச்சான். இப்ப உள்ளவனுக ஒருத்தன் கையில ஒருத்தன் சிக்காமலே ரிட்டயர் ஆயிருதானுக."

அது உண்மை. அது என்னைச் சுடவும் செய்தது. காரணம், என் அலமாரியில் இருந்த மூன்று தங்கப் பதக்கங்கள்.

நானும் ஹெவிவெயிட்தான். எனக்கு வயது முப்பத்தொன்று. சத்திரப்பட்டிப் பக்கம் ஆஸ்பத்திரிகளுக்கு பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை. பெண்கள் பிரிவில் எண்பத்தொரு கிலோவுக்கு மேல் என்பது கடைசிப் பிரிவு, நான் எண்பத்து மூன்று. மாவட்டப் போட்டியில் மூன்று வருடம் தொடர்ந்து தங்கம். மூன்று வருடமும் ஒரு குத்துகூட விடவில்லை, ஒரு குத்துகூட வாங்கவில்லை. எங்கள் மாவட்டத்தில் அந்த எடையில் பெயர் கொடுக்க வேறு பெண் கிடையாது.

அது எப்படி நடக்கும் என்று பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயரைக் கூப்பிடுவார்கள். தலைக்கவசம், கையுறை, வாயில் பல் காப்பு என்று எல்லாம் மாட்டிக்கொண்டு சிவப்பு மூலையில் ஏறுவேன். நீல மூலை காலியாக இருக்கும். நடுவர் அந்தக் காலி மூலையைச் சம்பிரதாயத்துக்கு ஒரு தரம் பார்ப்பார், நேரம் போனதும் என் கையைத் தூக்கிவிடுவார். கீழே வடை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களில் இரண்டு பேர் கைதட்டுவார்கள். வியர்க்காத உடம்போடு இறங்கி வருவேன். அதற்குப் பெயர் வாக்ஓவர். மூன்றாம் வருடம் அந்தப் பல் காப்பைத் துப்பும்போது எனக்கு அழுகை வந்தது.

அண்ணனிடம் இரண்டு வெள்ளி இருக்கிறது. அவர் காலத்தில் இரண்டு வருடம் இறுதிக்குப் போய், இரண்டு தடவையும் ஆலங்குளத்துக்காரர் ஒருவரிடம் தோற்றார். மூக்கு அன்றைக்குக் கோணியதுதான், இன்றைக்கும் கோணல். அந்த ஆளைக் கல்யாண வீட்டில் பார்த்தால் அண்ணன் எழுந்துபோய்க் கட்டிப்பிடித்துக்கொள்வார். ஒரு நாள் சாப்பிடும்போது என் பதக்கங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஏட்டி, ஒன் தங்கத்தவிட என் வெள்ளி கனம்." விளையாட்டாகத்தான் சொன்னார். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

என் எடையைப் பற்றி ஊரில் கருத்துச் சொல்லாத ஆள் கிடையாது. ஆட்டோவில் ஏறினால் டிரைவர் குனிந்து டயரைப் பார்ப்பான். பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைத் தின்றுவிட்டு, "கொஞ்சம் கொறச்சா லட்சணமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் சொன்னேன், குறைத்தால் எழுபத்தைந்து கிலோப் பிரிவில் நிற்க வேண்டியிருக்கும், அதற்கு எனக்கு விருப்பமில்லை என்று. அதன்பிறகு அந்த வீட்டிலிருந்து பேச்சு இல்லை. இந்த உடம்பு எனக்குப் பாரம் இல்லை. இதை வைத்துத்தான் மில் மணி அடிக்கும் முன்னே எழுந்து ஓடுகிறேன், பையன்களோடு பயிற்சியில் மோதுகிறேன். பையன்கள் என்னை அடிக்கும்போது கையை இழுத்துக்கொள்வார்கள். அது அடி இல்லை, மரியாதை. எனக்கு மரியாதை தேவைப்படவில்லை.

போன வருடம் ஸ்ரீவில்லிபுத்தூர் மாரியம்மன் கோயிலில் பூக்குழி என்கிற தீமிதி பார்க்கப் போனபோது கூட்டத்துக்குள் நின்று வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர்கள் பிள்ளை வேண்டும், வேலை வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டேன்: "தாயே, என் எடைக்கு ஒருத்தியக் குடு. அடுத்த வருசம் காப்புக் கட்டி நானும் பூ மிதிக்கேன்."

தாய் கொடுத்துவிட்டாள். இந்த வருடம் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனபோது பட்டியலில் எண்பத்தொன்றுக்கு மேல் என்ற பிரிவில் எனக்கு முன்னால் ஒரு பெயர் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண். காலேஜில் குத்துச்சண்டை பழகியவள், கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்று, எடை கூடி, மறுபடி வந்திருக்கிறாள் என்றார்கள். அந்தத் தாளை நான் இரண்டு தடவை படித்தேன். வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன், பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு பாட்டி தள்ளி உட்கார்ந்துகொண்டது.

போட்டி பங்குனியில் வந்தது. பூக்குழியும் பங்குனிதான், போட்டிக்கு நாலு நாள் கழித்து. வாக்குக் கொடுத்தாயிற்று, மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டிக்கொண்டேன். பகலில் தண்ணீர் மட்டும், பொழுது சாய்ந்த பிறகு குளித்துக் கும்பிட்டுவிட்டு ஒருவேளைச் சாப்பாடு. அம்மாவுக்குத்தான் சமாதானம் ஆகவில்லை.

"காப்புக் கட்டுன கையால ஒருத்திய அடிக்கலாமாட்டி?"

"அவளும்தானம்மா என்னைய அடிப்பா. கணக்கு சரியாப் போயிரும்."

பத்து நாள் அப்படி ஓடியது. பகலெல்லாம் தறி, காலையில் ஓட்டம், பங்குனி வெயில், ராத்திரி ஒருவேளைச் சோறு. தறிக்கூடத்தில் நூல் மூட்டை நிறுக்கும் தராசு இருக்கிறது. ஒரு நாள்கூட அதில் ஏறிப் பார்க்கவில்லை. குறையும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. ஊரே சேர்ந்து குறை, குறை என்று சொல்லியும் குறையாத உடம்பு, பத்து நாளில் என்ன குறைந்துவிடப்போகிறது?

போட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில். பெண்களுக்கு எடை பார்க்க ஒரு வகுப்பறையை ஒதுக்கி, கதவுக்குப் பக்கத்தில் தராசை வைத்திருந்தார்கள். எட்டு மணிக்குப் பிறகு என் முறை வந்தது. தெம்பாக ஏறினேன். தராசுப் பக்கம் இருந்த அம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"எழுபத்தொம்பது எண்ணூறு."

"சரியாப் பாருங்க மேடம்."

இறக்கி மறுபடி ஏற்றினார். அதே எழுபத்தொன்பது எண்ணூறு. "பேரு குடுத்தது எண்பத்தொண்ணுக்கு மேல. எடை இல்லன்னா இந்தப் பிரிவுல நிக்க முடியாதும்மா. கீழ உள்ளதுல இப்ப சேக்கவும் முடியாது. ஒம்பது மணி வரைக்கும் தராசு இருக்கும், அதுக்குள்ள வந்தா ஏறிக்கிடுங்க" என்றார். பிறகு குனிந்து அந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்ணின் பெயருக்கு நேராக ஏதோ எழுதப் போனார். என்ன எழுதப்போகிறார் என்று எனக்குத் தெரியும். மூன்று வருடம் என் பெயருக்கு நேராக எழுதியதைத்தான்.

"தராசு பொய் சொல்லாது" என்று நான் பெஞ்சில் சொன்னதெல்லாம் எனக்கே திரும்பி வந்தது. பழைய மன்னர்களை ஒரு படி கீழே அனுப்பிய வாய். இப்போது என்னை அதே தராசு வெளியே அனுப்புகிறது.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். பகலில் தண்ணீர் குடிக்க விரதத்தில் தடை இல்லை. ஒரு பாட்டில் போனது. இரண்டாவது பாட்டிலில் பாதி போனதும் காய்ந்திருந்த வயிறு ஏற்றுக்கொள்ளாமல் கொஞ்சம் வெளியே தள்ளியது. கூட வந்திருந்த அண்ணன் பக்கத்தில் நின்று விசிறினார். போய் ஏறினேன். எண்பது எழுநூறு. இன்னும் முந்நூறுக்கு மேல் வேண்டும். இதற்குமேல் ஒரு மிடறு உள்ளே போனாலும் அத்தனையும் வெளியே வந்துவிடும்போல் இருந்தது. மணி எட்டு முப்பத்தைந்து.

திரும்பவும் மரத்தடிக்கு வந்தபோது ஒருத்தி வந்து முன்னால் நின்றாள். என் உயரம், என் அகலம். இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை. அவளைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிட்டது. கையில் ஒரு அட்டைப் பெட்டி.

"அக்கா, எடை கொறையுதாமே. இது எங்க வீட்டு அடுப்புல காலையில எறக்குன பால்கோவா. சண்டை முடிஞ்சு எல்லாருக்கும் குடுக்கலாம்னு கொண்டாந்தேன். அரைக் கிலோ இருக்கு. இத இப்பத் தின்னுங்க."

அவள் புருஷன் வீட்டில் பால்கோவா போடுகிறார்கள் என்பதும், விறகடுப்பு முன்னால் நின்று துடுப்பால் பால் கிண்டுவது அவள் வேலை என்பதும் பிறகு தெரிந்தது. அப்போது நான் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினேன். மஞ்சள் கயிற்றைப் பார்த்ததும் அவள் பெட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அந்த ஊர்க்காரி, காப்பு என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எத நேந்து கட்டுனீக?"

"எனக்கு ஒரு எதிராளி வேணும்னு."

"அப்ப அது நான்தான?"

"ஆமா."

"என்னையத்தான கேட்டு வாங்குனீக. நான் குடுத்தாத் திங்க மாட்டீகளா?" பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "ஆறு மாசமா இவன மாமியாகிட்ட விட்டுட்டு வெள்ளன எந்திரிச்சு ஓடுதேன் அக்கா. அந்த வளையத்துல ஒத்தையா நின்னு கையத் தூக்கிட்டுப் போகவா ஓடுனேன்? சும்மா கெடைக்கிற தங்கம் எனக்கு வேண்டாம்."

அண்ணனைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மரத்தைப் பார்த்தார். முடிவு என்னுடையது என்று விட்டுவிட்டார்.

கோயில் இருக்கும் திசையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். மனசுக்குள் பயந்து பயந்தெல்லாம் மன்னிப்புக் கேட்கவில்லை. நேராகவே சொன்னேன். நான் கேட்டதை நீ கொடுத்துவிட்டாய். கொடுத்ததை நான் வாங்காமல் வீட்டுக்குப் போனால்தான் உனக்கு அவமானம். இதற்குமேல் உன் இஷ்டம். பெட்டியைத் திறந்து அள்ளினேன். சூடு இன்னும் ஆறவில்லை. பத்து நாள் கழித்துப் பகலில் வாயில் வைத்த முதல் சாப்பாடு. பால்கோவா இத்தனை ருசியாக எனக்கு அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. பெட்டியில் பாதிக்குமேல் தின்றதும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவளே கிள்ளிக் கொடுத்தாள், பிள்ளைக்கு ஊட்டுவதுபோல.

ஒன்பதாக இன்னும் நாலு நிமிடம். தராசில் ஏறி மூச்சைக்கூட விடவில்லை. அந்த அம்மா குனிந்து பார்த்தார். "எண்பத்தொண்ணு நூறு." எழுதிவிட்டு என் உதட்டோரம் ஒட்டியிருந்ததைப் பார்த்தார்.

எங்கள் தறியில் நெய்த துணியைத்தான் கையில் சுற்றிக்கொண்டேன். காப்புக் கயிறு அதற்குள் மறைந்துவிட்டது. என் பெயரைக் கூப்பிட்டார்கள், சிவப்பு மூலையில் ஏறினேன். பழக்கத்தில் எதிர் மூலையைப் பார்த்தேன். அங்கே ஆள் இருந்தது.

முதல் ரவுண்டு என்னுடையது. நீளக் கையால் அவளை எட்டவே நிறுத்தினேன், இன்றைய உயரமான வீரர்களைப் பார்த்துப் பழகியது. இரண்டாவது ரவுண்டில் அவள் குனிந்து உள்ளே வந்தாள். பால் கிண்டிய கை அது. விலாவில் ஒன்று வைத்தாள், எனக்குள் இருந்த தண்ணீரும் பால்கோவாவும் ஒன்றாகக் குலுங்கின. அடுத்தது மூக்கில். கண்ணில் நீர் முட்டியது. என் எடை உள்ள ஒருத்தி, கையை இழுத்துக்கொள்ளாமல், முழு மனசோடு என்னை அடித்தது அதுதான் முதல் தடவை. வலித்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. முப்பத்தொரு வயதில் முதல்தரம் ஒருத்தி என்னைப் பெரிய ஆளாக மதித்திருக்கிறாள். நானும் திருப்பி மதித்தேன், அவள் இரண்டு அடி பின்னால் போனாள்.

மூன்றாவது ரவுண்டில் கால் நகரவில்லை. இரண்டு பேரும் நடுவில் நின்றே அடித்துக்கொண்டோம். வடை தின்றுகொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். "கையத் தூக்குட்டி! தூக்கு!" என்று அண்ணன் கத்தியது கேட்டது. அந்தப் பக்கம் அவள் மாமியார் பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "விடாத, விடாத" என்று கத்தியதும் கேட்டது.

மணி அடித்தது. ஐந்து நடுவர்களில் மூன்று பேர் அவளுக்கு, இரண்டு பேர் எனக்கு. அவள் கையைத் தூக்கினார்கள். நான் தோற்றுவிட்டேன். கோபம் வந்தது, இன்றைக்கும் இருக்கிறது. இரண்டாவது ரவுண்டில் நான் கொடுத்த இரண்டை அவர்கள் பார்க்கவில்லை என்று இப்போதும் சொல்வேன். ஆனால் அழவில்லை.

வீட்டில் அம்மாவிடம் பால்கோவா தின்றதை மறைக்கவில்லை. அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டது. "விரதத்த முறிச்சுட்டுக் குழியில எறங்காத. ஆத்தா சும்மா விடமாட்டா." நான் இறங்கினேன். வாக்கு வாக்குதான். வீங்கின மூக்கோடு மஞ்சள் சேலை கட்டி, நாலாம் நாள் வரிசையில் நின்று பூ மிதித்தேன். கூட்டத்தில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு அவளும் நின்றாள், அவள் கன்னத்தில் நான் வைத்த அடையாளம் இன்னும் பச்சையாக இருந்தது. வலது காலில் இரண்டு கொப்புளம். "பாத்தியா, பாத்தியா" என்றது அம்மா. "அவ விலாவுல வச்சதுக்கு முன்னால இது கொசுக்கடிம்மா" என்றேன். அம்மா அடிக்கக் கை ஓங்கிவிட்டுச் சிரித்துவிட்டது.

அடுத்த நாள் சாயங்காலம் டீக்கடையில் சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்து பார்த்தேன். அண்ணன் செல்போனைச் சுற்றி ஏழெட்டுத் தலைகள். திரையில் கறுப்பு வெள்ளை இல்லை. எங்கள் சண்டை. அண்ணன் அன்றைக்கு எடுத்திருக்கிறார், எனக்கே தெரியாது.

"பொம்பளைக சண்டைதான" என்று ஒருவர் இழுத்தார்.

"ஏலே, வாய மூடிட்டு மூணாவது ரவுண்டப் பாரு" என்றார் அண்ணன். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டார். பெருமையில் குரல் உடைந்தது. "அந்தக் காலத்து ஆளுக மாதிரி நின்னாளுகடா, ரெண்டு பேரும்!"

அவர் வாயிலிருந்து யாருக்கும் கிடைக்காத பாராட்டு. கண் கலங்கத்தான் செய்தது. ஆனாலும் விடமுடியவில்லை.

"அந்தக் காலத்துல எங்கள வளையத்துக்குள்ள விட்டாகளா அண்ணே?"

அண்ணன் கோணல் மூக்கைத் தடவிக்கொண்டார்.

"விடல" என்றார்.

"அப்ப அவிய மாதிரின்னு சொல்லாத. நாங்க ரெண்டு பேரும் யாரு மாதிரியும் இல்ல. அடுத்த வருசமும் அவ வாரா, நானும் போறேன். எண்பத்தஞ்சு கிலோவுல போறேன்."

உள்ளே போய் அண்ணனின் இரண்டு வெள்ளிக்குப் பக்கத்தில் என் வெள்ளியை மாட்டினேன். மூன்று தங்கத்தையும் எடுத்து அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன். அடுப்படியில் அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தது. நான் எப்போதும் நாலு தின்பேன்.

"இன்னைக்கு ஆறு போடும்மா" என்றேன்.